ஏன் மாத்தினே, தம்பி?

சாத்தாங்காடு போயிருக்கிறீர்களா? சொந்தமாக வீடு கட்டியவராக இருந்தால் ஒருவேளை போயிருப்பீர்கள். திருவொற்றியூருக்கு மேற்கே, மணலி போகிற வழியில் இருக்கிறது. பாரிமுனைச் சந்துகளில் லாரி நுழைய முடியாமல் திணறிக்கொண்டிருந்த இரும்பு வியாபாரத்தை இடம் மாற்றுவதற்காக சி.எம்.டி.ஏ. அமைத்த இரும்பு மார்க்கெட் அங்கேதான். தெருவுக்குத் தெரு ஆங்கிள், சேனல், பிளேட், முறுக்குக் கம்பி. சித்திரை வெயிலில் எதையாவது தெரியாமல் தொட்டுவிட்டால் கை பொசுங்கிவிடும்.

நான் பேசப்போவது இரும்பைப் பற்றி அல்ல. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் எழுத மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒரு வரியைப் பற்றி. 'அது எனக்கெதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த ஒரு வரி இல்லாமல் போனதால் சாத்தாங்காட்டில் ஒரு பெரியவருக்குத் திருட்டுப் பட்டம் கிடைத்தது.

முதலில் அந்த வரி என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு சாஃப்ட்வேரைப் பத்துப் பேர், நூறு பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். வருஷக்கணக்கில் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. 'வெர்ஷன் கன்ட்ரோல்' என்பார்கள். மளிகைக் கடை சிட்டை மாதிரிதான். ஒவ்வொரு மாற்றத்தையும் சிட்டையில் ஏற்றும்போது, 'எதற்காக மாற்றினேன்' என்று இரண்டு வரி எழுதச் சொல்லும். அதற்கு 'கமிட் மெசேஜ்' என்று பெயர்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1972-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எஸ்.சி.சி.எஸ். என்று ஒன்றை எழுதினார்கள். மாற்றத்தைப் பதிவு செய்யப் போனால் 'ஏதாவது குறிப்பு உண்டா?' என்கிற மாதிரி அது கேட்கும். இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்குகிற 'கிட்' 2005-ல் வந்தது. லினக்ஸ் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது. அதுவும் கேட்கிறது. ஆக, ஐம்பது வருஷத்துக்கு மேலாக மெஷின் மனிதனைப் பார்த்து 'ஏன்?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. மனிதன் என்ன பதில் சொல்கிறான் தெரியுமா?

'ஃபிக்ஸ்.' 'சின்ன மாற்றம்.' 'அப்டேட்.' 'கடைசி.' 'நிஜமாவே கடைசி.' சில பேர் வெறும் புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இனி சாத்தாங்காட்டுக் கதை. என் நண்பர் அங்கே பிளேட் வியாபாரம் செய்கிறார். அவருடைய பையன் இன்ஜினீயரிங் படிக்கும்போது, 2013 வாக்கில், அப்பாவின் கடைக்கு ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தான். இரும்பு பிளேட்டுக்கு எடைக் கணக்கு சுலபம். ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. ஐந்து எம்.எம். பிளேட் 39.25 கிலோ. லோடாக வாங்குவது எடை மேடையில் நிறுத்து. சில்லறையாக ஒரு ஷீட், அரை ஷீட் விற்கும்போது இந்தக் கணக்கைப் போட்டு பில் போடுவார்கள்.

அங்கே ஒரு சின்ன சிக்கல். செக்கர்டு பிளேட் என்று ஒன்று உண்டு. பஸ் படிக்கட்டில், மாடி இரும்புப் படியில் பார்த்திருப்பீர்கள். கால் வழுக்காமல் இருக்க மேலே கண்ணீர்த்துளி மாதிரி மேடு மேடாக இருக்கும். ஐந்து எம்.எம். என்று சொன்னாலும் அந்த மேடுகளின் எடை தனி. சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கிலோ கூட வரும். கடையில் இருபது வருஷமாகக் கணக்குப் பார்த்த பெரியவர் பையனைக் கூப்பிட்டுச் சொன்னார். "தம்பி, செக்கர்டுக்குக் கூடப் போட்டுக்கணும். இல்லாட்டி நமக்குக் கையைக் கடிக்கும்." பையன் உடனே உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தான். சரக்கின் குறியீடு இன்னது என்றால் சதுர மீட்டருக்கு 2.5 கூட்டு. சிட்டையில் காரணம் கேட்டது. 'ஃபிக்ஸ்' என்று தட்டினான். டீ குடிக்கப் போய்விட்டான்.

நாலு வருஷம் ஓடியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. எல்லாக் கடையிலும் பில் மாற வேண்டிய அவசரம். பையன் பெங்களூரில் வேலையில் இருந்தான். வேறொரு இளைஞரை வைத்து மாற்றினார்கள். கெட்டிக்காரர். வரி விகிதத்தையெல்லாம் ஒழுங்காகப் போட்டார். போகிற போக்கில், ஒன்றும் புரியாமல் நடுவில் நின்றுகொண்டிருந்த 2.5-ஐப் பார்த்தார். எதற்கு இது? சிட்டையைப் புரட்டினார். 'ஃபிக்ஸ்' என்று இருந்தது. ஏதோ பழைய கோளாறுக்குப் போட்ட ஒட்டு என்று நினைத்து எடுத்துவிட்டார். அவர் பங்குக்கு எழுதியது: 'சின்ன மாற்றங்கள்.'

அப்புறம் ஒவ்வொரு மாதமும் ஸ்டாக் உதைக்க ஆரம்பித்தது. எடை மேடையில் வாங்கியதற்கும் பில்லில் விற்றதற்கும் கணக்கு இடித்தது. முதல் மாதம் 'எங்கேயோ எண்ணிக்கை தப்பு' என்றார் நண்பர். மூன்றாவது மாதம் வாட்ச்மேனை மாற்றினார். ஆறாவது மாதம் அவர் கண் பெரியவர் பக்கம் திரும்பியது. சாவி அவரிடம்தானே இருக்கிறது? கம்ப்யூட்டர் பொய் சொல்லாதே?

"நான் எடுக்கல சார்" என்றாராம் பெரியவர். அவ்வளவுதான் சொன்னாராம். மறுநாளிலிருந்து வரவில்லை.

தீபாவளிக்கு ஊருக்கு வந்த பையன்தான் சந்தேகப்பட்டுத் தோண்டினான். எந்தச் சரக்கில் குறைகிறது என்று பிரித்துப் பார்த்தால் எல்லாமே செக்கர்டு. அரை மணி நேரத்தில் காணாமல் போன வரி கிடைத்துவிட்டது. அதை எழுதியவன் தானே என்பதும், எழுதச் சொன்னவர் யார் என்பதும் அதற்கப்புறம்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

இப்போது உங்களைக் கேட்கிறேன். யார் மேல் தப்பு?

நண்பருக்கு அந்த ஜி.எஸ்.டி. இளைஞர் மேல்தான் கோபம். "தெரியாததை எதுக்குத் தொடணும்?" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் தெரியாத எதையும் தொடக்கூடாது என்றால் எந்த வீட்டிலும் ஒட்டடைகூட அடிக்க முடியாது. அவர் சிட்டையைப் புரட்டிப் பார்த்தார் ஐயா! அது ஒன்றும் சொல்லவில்லை. என் கணக்கில் முதல் குற்றவாளி நண்பர், இருபது வருஷத்து மனிதரை நம்பாமல் இயந்திரத்தை நம்பியதற்காக. இரண்டாவது, அவருடைய அருமை மகன்.

பையனிடம் இதைச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. "அங்கிள், அன்னிக்கு எனக்குத் தெரியும்ல, அதான் எழுதல" என்றான்.

இந்தப் பதிலில்தான் எல்லாமே இருக்கிறது. இன்றைக்கு எனக்குத் தெரிந்தது நாளைக்கும் தெரியும், எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று மனசு நம்புகிறது. புரோகிராம் என்ன செய்கிறது என்பது புரோகிராமைப் படித்தாலே தெரிந்துவிடும். 2.5 கூட்டுகிறது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஏன் கூட்டுகிறது என்பது மட்டும் அதில் எங்கேயும் இல்லை. அது பெரியவரின் வாயிலும் பையனின் காதிலும் மட்டும்தான் இருந்தது. பிளேட்டின் மேட்டில் இருந்தது என்றும் சொல்லலாம்.

சாத்தாங்காட்டில் இது ஒரு கடைக்கு ஆன சேதம். இதே மாதிரி ஒன்று உலக அளவில் நடந்திருக்கிறது. 'டெபியன்' என்று ஒரு லினக்ஸ் வகை. லட்சக்கணக்கான சர்வர்களில் ஓடுவது. 2006-ல் அதைப் பராமரித்த ஒருவர், ரகசியச் சாவிகளை உருவாக்குகிற ஓபன்எஸ்எஸ்எல் என்ற பகுதியில் இரண்டு வரிகளை நீக்கினார். பிழை தேடும் கருவி அந்த வரிகளைக் காட்டி முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எதற்காக அவை அங்கே இருக்கின்றன என்று பக்கத்தில் சரியான விளக்கம் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கவில்லை. எழுதுகிறவர்களிடம் கேட்கவும் செய்தார். கேள்வி ஒரு மாதிரி, பதில் ஒரு மாதிரி போயிற்று. இரண்டில் ஒரு வரி போனால் பாதகமில்லை. இன்னொன்றுதான் உயிர்நாடி. அது போனதால், யாராலும் ஊகிக்க முடியாது என்று நினைத்த சாவிகள் ஒவ்வொரு வகையிலும் மொத்தம் 32,767-க்குள் அடங்கிவிட்டன. ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்து வரிசையாகப் போட்டுப் பார்த்துத் திறந்துவிடலாம். 2008 மே மாதம் கண்டுபிடிக்கிற வரை இரண்டு வருஷம் அப்படியே இருந்தது. உலகமெங்கும் பூட்டை மாற்றினார்கள்.

'சரி, கட்டாயப்படுத்தி எழுத வைத்தால் என்ன?' என்பீர்கள். கட்டாயம் இருக்கிறது. ஒன்றும் எழுதாமல் விட்டால் 'கிட்' சாதாரணமாகப் பதிவு செய்யவே மறுத்துவிடும். அதனால்தான் அந்தப் புள்ளி! இருபது எழுத்தாவது வேண்டும் என்று விதி போட்ட கம்பெனிகளில் இருபது புள்ளி வைக்கிறார்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் ஷிஃப்ட் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், லாக் புக் கதை சொல்வார்கள். இரவு ஷிஃப்ட் முழுக்க 'நார்மல், நார்மல், நார்மல்' என்று ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியிருக்கும்.

ரசாயனத் தொழிற்சாலையில் அது விளையாட்டு இல்லை. 1974-ல் இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ என்ற ஊரில், நைலானுக்கு மூலப்பொருள் செய்யும் ஆலை. வரிசையாக ஆறு ரியாக்டர்கள். ஐந்தாவதில் விரிசல். அதைக் கழற்றிவிட்டு நாலையும் ஆறையும் ஒரு குழாய் போட்டு இணைத்தார்கள். தற்காலிக ஏற்பாடு! அந்த மாற்றத்துக்கு இருந்த ஒரே வரைபடம் என்ன தெரியுமா? பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்ட படம். குழாய் வளைகிற இடத்தில் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டு எழுதவில்லை. எழுத உட்கார்ந்திருந்தால் கணக்குத் தெரியாது என்பது தெரிந்திருக்கும். இரண்டு மாதம் ஓடியது. ஜூன் 1, சனிக்கிழமை வெடித்தது. 28 பேர் செத்தார்கள். வார நாளாக இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ. அதற்கப்புறம்தான், ஆலையில் ஒரு வால்வை மாற்றுவதென்றாலும் ஏன், எதற்கு, என்ன ஆபத்து என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிற முறைக்கு உலகத்தில் மரியாதை வந்தது. இன்று மணலி ரிஃபைனரிப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு 'எம்.ஓ.சி.' என்று சொன்னாலே புரியும்.

எழுதாமல் இருப்பதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை என்பது என் கட்சி. 'ஏன்' என்று எழுத ஆரம்பித்தால்தான் நமக்கே அது தெரியாது என்பது வெளியில் வருகிறது. 'இதைப் போட்டால் வேலை செய்கிறது, ஏன் என்று புரியவில்லை' என்று எழுத எத்தனை பேருக்குத் துணிச்சல் இருக்கிறது? எழுதினால் அது எவ்வளவு உபயோகமான வரி! அடுத்தவன் உஷாராகிவிடுவான்.

இன்னொன்று, பயம். யார் எந்த வரியை எழுதினார்கள் என்று காட்டுகிற ஒரு கட்டளை உண்டு. அதன் பெயரே 'பிளேம்'. பழி! 'சப்வெர்ஷன்' என்ற இன்னொரு வகையில் யாரோ குறும்புக்காரர் அதே கட்டளைக்கு 'பிரைஸ்' என்று, அதாவது பாராட்டு என்று, இரண்டாவது பெயரும் வைத்திருக்கிறார். எதைத் தட்டினாலும் ஒரே பதில்தான் வரும். ஆனால் ஆபீஸ்களில் எந்தப் பெயர் புழங்குகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. எழுதியது நாளைக்கு மீட்டிங்கில் தன் கழுத்துக்கே வரும் என்றால் எவன் விளக்கமாக எழுதுவான்? 'நார்மல்' என்று எழுதுவதுதான் புத்திசாலித்தனம்.

அடிப்படையில் இருக்கும் கேள்வி வேறு. நாளைக்கு, நாலு வருஷம் கழித்து, இந்த இடத்துக்கு ஒருவன் வருவான். அவனை நமக்குத் தெரியாது. நன்றி சொல்ல மாட்டான். திட்டினாலும் நம் காதில் விழாது. அவனுக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? எதிரில் நிற்பவருக்குக் கடமை என்றால் புரிகிறது. வராதவனுக்கு என்ன கடமை?

சாத்தாங்காட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் திருவொற்றியூர் தியாகராஜர் கோயில். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் நிறைய. சாமி கும்பிடப் போகிற நாம் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுவதோடு சரி. பொதுவாக நம் கோயில் கல்வெட்டுகளில் என்ன இருக்கும்? எந்த ராஜாவின் எத்தனையாவது வருஷம், யார், எதற்காக, என்ன கொடுத்தார். விளக்கெரிக்க இத்தனை ஆடு, பொறுப்பு இன்னார், சந்திர சூரியர் உள்ள வரை. வேட்டைக்குப் போன இடத்தில் கைதவறி ஒரு ஆளைக் கொன்றதற்குப் பிராயச்சித்தமாக இந்த விளக்கு என்று, காரணத்தை ஒளிக்காமல் சொல்கிற கல்வெட்டுகள்கூடத் தமிழ்நாட்டில் உண்டு. பழி வரும் என்று பயந்து 'ஃபிக்ஸ்' என்று வெட்டிவிட்டுப் போகவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது பல கல்வெட்டுகளின் முடிவில் வருவது. இந்த தர்மத்தைப் பின்னால் காப்பாற்றப்போகிறவர்களின் பாதம் என் தலைமேல் என்று ராஜாக்களும் பிரபுக்களும் சொல்லியிருப்பார்கள். யார் அவர்கள்? இன்னும் பிறக்காதவர்கள். அவர்கள் காலைத் தலையில் வைத்துக்கொள்கிறார் கொடுத்தவர். தன் ஏற்பாடு பிழைப்பதும் அழிவதும் முகம் தெரியாத அவர்கள் கையில்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இவ்வளவு பெரிய மனசு வேண்டாம், வியாபாரப் புத்தி போதும் என்பார் என் நண்பர். அவர் கடையிலேயே ஒரு உதாரணம். பாய்லருக்குப் போகிற பிளேட் ஒவ்வொன்றிலும் ஒரு 'ஹீட் நம்பர்' இருக்கும். எந்த உலையில் எந்த முறை உருக்கியது என்பதற்கு அடையாளம். அதை வைத்து மில் சர்டிஃபிகேட்டைப் பார்த்தால் இரும்பில் என்னென்ன கலந்திருக்கிறது, எவ்வளவு இழுத்தால் தாங்கும் என்று எல்லாம் தெரியும். பிளேட்டை வெட்டுவதற்கு முன்னால் அந்த நம்பரை மீதித் துண்டிலும் பஞ்ச் வைத்து அடித்துவிட வேண்டும். அடிக்காமல் வெட்டிவிட்டால்? அதே இரும்புதான், அதே பலம்தான். ஆனால் அநாதை. பாய்லருக்கு எவனும் வாங்க மாட்டான். கேட்டுக்கு, கிரில்லுக்கு மலிவு விலையில் போகும். அதனால் கேஸ் கட்டர் பிடிக்கிற பையன், யாரும் சொல்லாமலே முதலில் சுத்தியலைத் தேடுகிறான்.

ஏன் அவன் செய்கிறான், புரோகிராமர் செய்வதில்லை? அடுத்து வருகிறவன் நம்பரைக் கேட்கிறான், அதனால். பார்க்க ஆள் இருக்கிறது. லினக்ஸிலும் அப்படித்தான். மாற்றத்தை அனுப்பினால், என்ன பிரச்னை, ஏன் இந்த வழி என்று ஒழுங்காகச் சொல்லாவிட்டால், புரோகிராம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருபது எழுத்து விதியெல்லாம் அப்புறம். மனுஷன் படித்து, 'தம்பி, இது புரியலையே' என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். புரியாமல் எழுதினதற்குத் திட்டக் கூடாது. எழுதாததற்குத் திட்டலாம்.

இப்போது ஏ.ஐ. வந்துவிட்டது, கமிட் மெசேஜையும் அதுவே அழகான இங்கிலீஷில் எழுதித் தருகிறது. பார்த்தேன். 'செக்கர்டு வகைக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கூட்டும்படி மாற்றப்பட்டுள்ளது' என்று எழுதும். தப்பே இல்லை. பெரியவர் பையனிடம் டீக்கடை வாசலில் சொன்னது அதற்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னால்தானே!

அந்தத் தீபாவளிக்கு மறுநாள் நண்பரும் பையனும் திருவொற்றியூரில் பெரியவர் வீட்டுக்குப் போனார்கள். நண்பர் என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெரியவர் காபி கொடுத்தாராம். வேலைக்குத் திரும்பி வருவதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. உடம்புக்கு முடியலை என்று சொன்னாராம். பையன், திரும்பப் போட்ட வரியை லேப்டாப்பில் காட்டி, கூட எழுதியிருந்த குறிப்பைத் தமிழில் படித்துக் காட்டியிருக்கிறான். செக்கர்டு பிளேட்டின் மேடுகளுக்கான எடை, இதை எடுத்தால் ஸ்டாக் குறையும், 2017-ல் எடுத்து அப்படித்தான் ஆனது, சொல்லிக் கொடுத்தவர் இன்னார் என்று பெரியவர் பெயரோடு ஐந்து வரி.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாராம். "எல்லாத்துக்கும் ரெண்டரையா போட்டுகினே? மில்லுக்கு மில்லு மேடு வேற தம்பி. புது லோடு வந்தா ஒரு ஷீட்டை எடை போட்டுப் பாத்துட்டுத்தான் நான் கணக்கு எழுதுவேன். அத்தையும் எழுதிக்கோ."